இரண்டாமவளுக்கு ஏழு தாத்தன்

"உனக்கு வலிக்குமா?" என்று ஒரு தடவை பல் டாக்டர் அவளிடம் கேட்டார்.

கேட்டாரே ஒழிய பதிலுக்காக நிற்கவில்லை. இடுக்கியை உள்ளே விட்டுவிட்டார். ஐகனிம் பனிச்சறுக்கில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வைக்க அச்சு அசலாக அதே பல் வேண்டும். அச்சு அசலாக அதே பல் எகின்ஷியின் வாயில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். வலித்தது. அதைச் சொல்லத்தான் வாய் காலியாக இல்லை.

எகின்ஷி என்றால் இரண்டாவது. தோஸ்ஜானின் வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். முதலாவது, அவருடைய மகள் ஐகனிம். ஐகனிம் குல்பாஷ் அம்மாளின் வயிற்றில் பிறந்தாள். அவளுடைய தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார்கள், அது எகின்ஷி. அதே மூக்கு, அதே புருவம், இடது கன்னத்தில் அதே மச்சம். சாரிஜரில் வசதியுள்ள வீடுகளில் பிள்ளைக்கு ஒரு நகல் வைத்திருப்பது, குதிரைக்கு ஒரு மாற்றுச் சேணம் வைத்திருப்பதைப் போலத்தான். சேணத்துக்காவது எண்ணெய் தடவுவார்கள்.

ஐகனிம் டீ கொதிக்கிற சமோவார் மேல் கையை வைத்துப் பொசுக்கிக்கொண்டபோது எகின்ஷியின் தொடையிலிருந்து தோல் போனது. ஐகனிமுக்குக் கணக்கு வராததால் பரீட்சைக்கு எகின்ஷி போனாள். தலைவர் தினத்தன்று மூச்சு உறைகிற குளிரில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சதுக்கத்தில் வரிசையாக நின்று கொடி ஆட்ட வேண்டும் என்பது கட்டளை. சதுக்கம் முழுக்க நகல்கள் நின்று கொடி ஆட்டின. பிள்ளைகள் வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தங்களையே டிவியில் பார்த்தார்கள். மேடையில் கையசைத்துக்கொண்டிருந்த தலைவரே மூன்றாவது என்று அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். முதலாவதும் இரண்டாவதும் என்ன ஆனார்கள் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அவளுக்கு இன்னொரு பேர் இருந்தது. துர்சின். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், இதுவாவது இருக்கட்டும் என்று வைக்கிற பேர். கம்பளி விற்க வந்த இடைச்சி ஒருத்தி தன் கைக்குழந்தையை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, யாரும் தனக்குப் பேர் வைக்கப் போவதில்லை என்று தெரிந்து, தானே எடுத்து வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் ஐகனிமுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வீட்டில் அவள் வாங்கிய முதல் அறை தேநீருக்காக. சின்ன வயதில் ஒருநாள் வேலைக்காரிக்குக் காய்ச்சல். விருந்தாளிக்கு டீ ஊற்ற அவளை அனுப்பினார்கள். அவள் கிண்ணம் நிறைய, விளிம்பு வரைக்கும், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக் கொடுத்தாள். நிறையக் கொடுப்பது நல்ல மனசு என்று நினைத்திருந்தாள். விருந்தாளி முகம் கறுத்து எழுந்து போனார். குல்பாஷ் அம்மாள் அறைந்த பிறகு விளக்கம் சொன்னாள்: "அரைக் கிண்ணம் ஊத்தினா இன்னும் இரு, மறுபடி ஊத்தறேன்னு அர்த்தம். நிறைச்சு ஊத்தினா குடிச்சிட்டு எழுந்து போன்னு அர்த்தம். தொட்டில வளந்ததுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

தெரிந்துகொண்டாள். அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரே பாடம் அது.

ஏற்புச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஒரு வீட்டுத் தலைவர், கறித்தட்டு முன்னால், வேற்று வீட்டார் பார்த்திருக்க, ஒரு நகலின் தலையில் கை வைத்து, இவள் என் வீட்டுப் பெண் என்று சொல்லி, அப்பனில் தொடங்கி எண்ணுகிற தன் வம்சத்து ஏழு தாத்தன்மார் பேரையும் அவளுக்காகச் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அந்த நகல் மனுஷி. பேர் உண்டு, அடையாளச் சீட்டு உண்டு, அவள் உடம்பு அவளுக்கு. ஏழு தாத்தன் பேர் தெரியாதவன் அனாதை என்று சொல்லுகிற ஊரில் அப்படித்தானே சட்டம் போட முடியும். நல்ல சட்டம். சாரிஜரில் யாருமே அதைப் பயன்படுத்தாததால், பனிக்கட்டிக்குள் வைத்த கறி போலக் கெடாமல் இருந்தது. ஏற்கப்படாத நகல்கள், முதலாவதுக்குக் கல்யாணம் ஆனதும் திருப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே பிரித்து, யார் யாருக்கு எது எது வேண்டுமோ கொடுத்துவிடுவார்கள். சுத்தமான கட்டடம், வாசலில் ரோஜாச் செடிகூட வைத்திருந்தார்கள்.

ஐகனிமுக்குக் கல்யாணம் நிச்சயமாக இருந்தது. மாவட்டத்தின் காற்றாலைகள் முழுவதையும் வைத்திருக்கிற வீட்டுப் பையன் பெக்சாத். தோஸ்ஜானிடம் தண்ணீர் இருந்தது. அணையும் கால்வாய் மதகுகளும் அவர் கையில். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் புல்லுக்குக்கூட அவர்களைக் கேட்டுத்தான் முளைக்க வேண்டியிருக்கும். பெண் பார்க்கிற விருந்துக்கு ஆடு கட்டியாயிற்று. அந்த வாரம் ஐகனிம், கல்யாண மண்டபத்துப் பாட்டுக்காரன் ஒருத்தனோடு எல்லை தாண்டிப் போய்விட்டாள். போனில் ஒரு குரல் செய்தி மட்டும் வைத்திருந்தாள். என் உடுப்பை இரண்டாவதுக்குப் போட்டு உட்கார வையுங்கள், உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகிறது என்று. அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

அவள் போனது தெரிந்த அன்று காலையில் தோஸ்ஜான் எகின்ஷியைப் பெரிய அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு," என்றார்.

அந்த அறையில் அவள் உட்கார்ந்ததில்லை. எங்கே என்று தெரியாமல் நின்றாள். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். பிறகு நீளமாகப் பேசினார். நீயும் என் ரத்தம்தான், உன்னை நான் வேறாக நினைத்ததே இல்லை, ஒரு நாள் ஐகனிமாக உட்கார்ந்து டீ ஊற்றிவிடு, அன்றைக்கே கறித்தட்டு முன்னால் உன் தலையில் கை வைத்து ஏழு பேரையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ மனுஷி. பேசுகிறபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அணைக்காரருக்குத் திறக்கவும் தெரியும், மூடவும் தெரியும்.

அவள் சரி என்று தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? ஏழு பேர் கிடைத்தால் யாரும் பல்லைப் பிடுங்க முடியாது. அதற்காக ஒரு நாள் ஐகனிமாக இருக்கலாம். நாற்றமடிக்கிற கோட்டை ஒரு நாள் போட்டுக்கொள்வது போல.

அதற்குப் பிறகு அவளைத் தேய்த்தார்கள், குளிப்பாட்டினார்கள், ஐகனிம் போல மூக்கால் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பல் இல்லாத இடத்தில் பீங்கான் பல் வைத்தார்கள். வாயை அகலமாகத் திறக்காதே என்று குல்பாஷ் அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பஞ்சு மெத்தையில் படுக்க விட்டார்கள். கண்ணாடியில் தெரிந்த முகத்தை எகின்ஷி பார்த்தாள். அதே முகம்தான். ஆனால் அதில் ஐகனிமின் சோம்பேறித்தனத்தைக் கொண்டுவர மிகவும் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

விருந்து நாளன்று காலையில் குல்பாஷ் அம்மாள் பக்கத்து அறையில் போனில் பேசுவது காதில் விழுந்தது. நகல் அலுவலகத்தோடு பேச்சு. "எங்க வீட்டு இரண்டாவது போன வாரமே முடிஞ்சு போச்சுங்க. ஆமா, காய்ச்சல். எரிச்சாச்சு. கணக்குல அடிச்சிருங்க." குரலில் துக்கம்கூட வைக்கவில்லை, சிக்கனக்காரி.

துர்சின் மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள். ஏழு தாத்தன் பேரையும் சொல்லத்தான் போகிறார். ஆனால் அது ஐகனிமின் தலையில் போய் விழும். எகின்ஷி செத்தாயிற்று. துர்சின் பிறக்கவே இல்லை. மீதி இருப்பது ஐகனிமின் உடுப்பில் நடக்கிற ஒரு உடம்பு. அது சாகிற வரைக்கும் மூக்கால் சிரிக்க வேண்டும். மெத்தை என்னவோ மெத்தென்று இருந்தது. அதுவும் பொய் இல்லை. வாசலில் ரோஜாச் செடி வைத்த கட்டடத்தையும் நினைத்துப் பார்த்தாள். உடனே எழுந்து ஓடிப் போகவில்லை. உடுப்பைப் போட்டுக்கொண்டாள்.

அடுப்படியில் சமையல்காரி கமர் ஆட்டுத் தலையை மயிர் பொசுக்கிக்கொண்டே ஒரு எச்சரிக்கை சொன்னாள். வருகிற ஜியாஷ் பெக்சாத்தின் அத்தை. அவள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். "அவ கத்தினா பயப்படாதே. கத்தினா விஷயம் அங்கயே தீந்து போச்சு. வாய மூடிக்கிட்டு எந்திரிச்சான்னு வெச்சுக்கோ, பேச்சைச் சேத்து வெச்சுக்கிட்டுப் போறான்னு அர்த்தம். மறுநாள் மாவட்டம் பூரா கேக்கும்."

ஜியாஷ் நரித்தோல் தொப்பியும் விரலுக்கொரு மோதிரமுமாக வந்தாள். கூடவே அவள் புருஷனும் இரண்டு மைத்துனன்மாரும். பெக்சாத் வரவில்லை; அவன் வேட்டைக்குப் போயிருந்தானாம். சாட்சிக்கு என்று முல்லா வந்து, வந்ததிலிருந்து சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தாழ்ந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அகல மாவுத்துண்டுகளுக்கு மேல் வெந்த கறி ஆவி பறக்க வந்தது. ஆட்டுத் தலையை ஜியாஷின் புருஷன் முன்னால் வைத்தார்கள்.

தோஸ்ஜான் எழுந்தார். பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி அவள் தலையில் கை வைத்தார். பெண் பார்க்கிற விருந்தில் பெண்ணின் ஏழு தாத்தன் பேரைச் சொல்வதும் வழக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வராது. இங்கேதான் அவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார். தாத்தன்மார் பேரை வாயில் வைத்துக்கொண்டு பொய் சொன்னால் ஆட்டுக்குக் கோமாரி வரும் என்று அவருக்குப் பயம். மனுஷர்களிடம் எந்தப் பொய்யும் சொல்லுவார். செத்துப்போனவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. அதனால் ஐகனிம் என்ற பேரை மட்டும் விழுங்கிவிட்டு, சத்தமாகச் சொன்னார்:

"இவ என் வீட்டுப் பொண்ணு. இவ அப்பன் தோஸ்ஜான். அவன் அப்பன் மெய்ராம். அவன் அப்பன் சாதிபெக். அவன் அப்பன் கோய்ஷிபாய். அவன் அப்பன் துலேகென். அவன் அப்பன் எஸ்கேந்திர். அவன் அப்பன் போத்தகரா."

கோய்ஷிபாய் ஆடு திருடி ஊரை விட்டு ஓடியவன். அந்த வீட்டில் அதைக் குடிபெயர்ந்தான் என்று சொல்வார்கள். எல்லாரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கோமாரிக்குப் பயந்தவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

கறியைப் பங்கு வைப்பது வீட்டுக்காரியின் கை. யாருக்கு எந்த எலும்பு என்பதில் ஒரு விரற்கடை தப்பினாலும் தலைமுறைச் சண்டை வரும். குல்பாஷ் அம்மாள் அதில் தப்பாதவள். இடுப்பெலும்பு பெரியவர் ஜியாஷின் புருஷனுக்கு, தொடை மைத்துனன்மாருக்கு, விலா முல்லாவுக்கு, கொழுப்பு நிறைந்த துண்டு ஜியாஷுக்கு. தட்டு வரிசையாக நகர்ந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது.

அவளுக்கு ஒரு துண்டுகூட விழவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. வருஷக்கணக்காக அந்த முகத்துக்கு மேசையில் பங்கு வைக்காமலே பழகிய கை. பல்லை மாற்றினார்கள், உடுப்பை மாற்றினார்கள், சிரிப்பை மாற்றினார்கள். தன் கையை மாற்ற மறந்துவிட்டாள்.

துர்சின் காலித் தட்டைப் பார்த்தாள். பிடுங்கிய பல்லுக்கும் உரித்த தோலுக்கும் வராத ஒன்று அப்போது வந்தது. அழுகை இல்லை. சிரிப்பு. அதை ஐகனிமின் மூக்கு வழியாக விடாமல் அடக்கிக்கொண்டாள்.

ஜியாஷ் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நானும் எத்தனையோ வீட்டுல சாப்பிட்டிருக்கேன்," என்றாள். "வீட்டுப் பொண்ணுக்குப் பங்கு வெக்காத வீட்டை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

குல்பாஷ் அம்மாள் பதறிப்போய்க் கையில் கிடைத்த எலும்பையெல்லாம் அள்ளி அந்தத் தட்டில் குவித்தாள். பொண்ணு வெட்கப்படுகிறது, அப்புறமாகச் சாப்பிடும் என்று ஏதோ சொன்னாள்.

"பெத்த கை மறக்குமா, சம்பந்தி?" ஜியாஷ் மேசையைச் சுற்றி வந்தாள். குதிரைச் சந்தையில் நிற்கிறவள் போலப் பெண்ணின் தாடையைப் பிடித்தாள். "வாயத் திற, பொண்ணே." மோதிர விரலின் நகத்தால் முன்பல்லைத் தட்டினாள். "பீங்கான். என் பொண்ணு பல்லு உடைஞ்சப்பகூடப் பொய்ப் பல்லு வெக்கல, நகலோட நெஜப் பல்லுதான்னு போன வருஷம் எங்க வீட்டு விருந்துல பெருமையடிச்சது நீங்கதானே, தோஸ்ஜான்? அப்ப ஐகனிம் வாய்ல இருக்கறது நெஜப் பல்லு. பல்லைக் குடுத்தவ வாய்ல இருக்கறது பீங்கான்." தாடையை விட்டாள். "இது உங்க எகின்ஷி."

முல்லா விட்டத்தைப் பார்த்தார். விலா எலும்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

இனி கத்துவாள் என்று துர்சின் எதிர்பார்த்தாள். ஜியாஷ் கத்தவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"சொன்னா கேக்குமா?"

குல்பாஷ் அம்மாளுக்கு உயிர் வந்தது. "கேக்கும், சம்பந்தி. நில்லுன்னா நிக்கும். எதுத்துப் பேசத் தெரியாது."

ஜியாஷ் மனசில் இருந்ததை அவிழ்த்துவிட்டாள். எங்கள் பெக்சாத்தும் லேசுப்பட்டவன் இல்லை, குடித்தால் கை நீளும், வாய் பேசுகிற பெண் அவனிடம் தாங்க மாட்டாள், ஒருவிதத்தில் இது நல்லதுதான் என்றாள். கூடவே, ஏமாற்றப் பார்த்ததற்குப் பரிகாரமாக வடக்குக் கால்வாய் எங்களுக்கு வர வேண்டும். தோஸ்ஜான் முனகினார், பாதிக் கால்வாய் என்றார். முழுக் கால்வாய் என்றாள். மைத்துனன்மார் சிரித்தார்கள். பேச்சு படிந்தது. வெளியே யாருக்கும் ஒரு மூச்சு போகக் கூடாது, இன்றிலிருந்து இவள்தான் ஐகனிம் என்று எல்லாரும் ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார்கள். முல்லாவும் தொட்டார். கொஞ்சம் பிய்த்தும் கொண்டார்.

துர்சின் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவர்கள் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏற்றுக்கொள்வது என்றால் அவர்களுக்கு இதுதான்.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. தோஸ்ஜான் கறித்தட்டு முன்னால், வேற்று வீட்டார் பார்த்திருக்க, தலையில் கை வைத்து ஏழு பேரையும் சொல்லியாயிற்று. ஐகனிம் என்று சொல்லவில்லை. என் வீட்டுப் பெண் என்றுதான் சொன்னார். அந்தத் தலை யாருடையது என்று ஜியாஷே எல்லார் முன்னாலும் பல்லைத் தட்டிச் சொல்லிவிட்டாள். சட்டம் கேட்டது முழுக்க நடந்துவிட்டது. ஏழு தாத்தன்மாரும் அவளுக்கு வந்துவிட்டார்கள், ஆடு திருடி உட்பட. ஒன்றுதான் பாக்கி: சாட்சி வாயைத் திறக்க வேண்டும். சந்தோஷமாகப் போனால் இவர்களில் ஒருவர்கூடத் திறக்கப் போவதில்லை. கோபமாகப் போனால்?

"டீ ஊத்து, ஐகனிம்," என்றாள் குல்பாஷ் அம்மாள். குரலில் தேன் வழிந்தது.

அவள் எழுந்து சமோவாருக்குப் பக்கத்தில் போனாள். பெரியவரின் கிண்ணத்தை விட்டுவிட்டு ஜியாஷின் கிண்ணத்தை எடுத்தாள். பால் விட்டாள். டீ விட்டாள். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. குல்பாஷ் அம்மாள் அவள் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு வரைக்கும், டீ குவிந்து நிற்கிற அளவுக்கு ஊற்றினாள். சின்ன வயதில் செய்தது போலவே, ஒரு சொட்டு சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் ஜியாஷின் முன்னால் வைத்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் தோஸ்ஜான். "அதைத் திருப்பி எடு."

"எடுக்க மாட்டேன், அப்பா," என்றாள் அவள். அந்த வார்த்தையை அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை; அவர் முகம் சுருங்கியது. "என் பேரு துர்சின். எனக்கு ஏழு தாத்தன் இருக்காங்க. இப்பத்தான் நீங்க சொன்னீங்க, எல்லாரும் கேட்டாங்க." பிறகு ஜியாஷிடம் திரும்பினாள். "குடிங்க, அத்தை. ஆறிடும்."

குல்பாஷ் அம்மாள் மேசை மேல் தவழாத குறையாகக் குனிந்து, அதற்கு ஒன்றும் தெரியாது, தொட்டியில் வளர்ந்தது, தெரியாமல் ஊற்றிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினாள். வடக்குக் கால்வாய் முழுசாக உங்களுக்குத்தான் என்றார் தோஸ்ஜான். ஜியாஷ் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்ப் பெண்ணை அவளால் விழுங்க முடிந்தது. பொய்ப் பல்லை விழுங்க முடிந்தது. குடிகார மருமகனுக்கு ஒரு உடம்பை விலை பேச முடிந்தது. நிறைந்த கிண்ணத்தை மட்டும் விழுங்க முடியவில்லை. நாலு பேர் பார்க்க, ஒரு நகலின் கையால், எழுந்து போ என்று சொல்லப்பட்டவள் அவள்.

கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. கத்துவதற்காக மூச்சை இழுத்தாள். துர்சினுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. கத்திவிட்டால் எல்லாம் இங்கேயே தீர்ந்து போகும்.

ஜியாஷ் மூச்சை விடவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நரித்தோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்த்துச் சரி செய்துகொண்டாள். புருஷனுக்கும் மைத்துனன்மாருக்கும் கண்ணைக் காட்டினாள். அவர்கள் கறியை விட்டு எழுந்தார்கள். தோஸ்ஜான் வாசல் வரைக்கும் சம்பந்தி, சம்பந்தி என்று பின்னால் ஓடினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறிப் போனாள்.